நோயாளரும் பொது நூலகமும்

நோயுற்ற ஒருவருக்கு வேண்டுவன இரண்டு. ஒன்று மருந்து; மற்றையது விளக்கம். மருந்தை வழங்குவதற்கு ஆஸ்பத்திரி உண்டு, வைத்தியர் உண்டு, மருந்துச்சாலை உண்டு. விளக்கத்தை வழங்குவதற்கு யார் உளர் என்னும் வினாவே இப்பேச்சின் பொருளாகும்.

அதிகாலையிற் புறப்பட்டு, அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் இலக்கத் துண்டு பெற்று, வாங்கில் நெடுநேரம் காத்திருந்து வைத்தியரைக் காணும் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. குருதி அமுக்கம் அளக்கப்படுகிறது. பரிசோதனைத் துண்டு பார்க்கப்படுகிறது. கிளினிக் கொப்பியில் நாலைந்து வரிகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. வைத்தியர் மீது குற்றமில்லை. வாசலில் இன்னும் நூறு பேர் நிற்கின்றனர். வினாக்கள் எழுவதோ வீடு திரும்பிய பின்னரே. இந்நோய் பிள்ளைகளுக்கும் வருமோ? உடம்பு சுகமாயிருக்கும் நாளிலும் மருந்தை விழுங்க வேண்டுமோ? சோற்றை அடியோடு விட்டுவிட வேண்டுமோ? அடுத்த கிளினிக்கோ ஒரு மாதத்தின் பின். அந்த ஒரு மாத காலத்தில் விடை சொல்ல முன்வருவோர் பலர்: அயலவர், உறவினர், பத்திரிகை விளம்பரம், இக்காலத்திலே கைத்தொலைபேசியில் ஓயாது வந்து விழும் செய்திகள். அவற்றுள் ஏதோவொன்றை நம்பி மருந்தை நிறுத்தியவர், மறுமுறை ஆஸ்பத்திரிக்குத் தம் காலால் நடந்து வராது கட்டிலில் வைத்துக் கொண்டுவரப்படுவதும் உண்டு.

இத்தகைய வினாக்களோடு செல்லத்தக்க இடங்களுள் பொது நூலகமும் ஒன்று என்னும் கருத்து, மேலைநாடுகளிற் கடந்த அரைநூற்றாண்டுக் காலத்தில் வேரூன்றியது. ஆயினும் அது எளிதில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தன்று. நூலகத் தொழிலின் முன்னோடி ஒருவரே அதனை மறுத்திருந்தார். அவர் மறுத்ததற்குத் தக்க காரணமும் இருந்தது. அக்காரணத்தை உணர்ந்தாலன்றி இப்பணி எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை உணர இயலாது.

1876ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே நூலகர் மாநாடு ஒன்று கூடிற்று. அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்தது அம்மாநாட்டிலேயாம். மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரப் பொது நூலகத்தின் தலைவராயிருந்த சாமுவேல் சுவெற் கிறீன் என்பவர் அங்கே ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். நூலகர் என்பவர் நூல்களைக் காவல் செய்வதோடு நின்றுவிடலாகாது. வருகின்ற தொழிலாளியையும் மாணவனையும் இன்முகத்துடன் வரவேற்று, அவர்களுக்கு வேண்டியது யாதென விசாரித்து, அது கைக்கு வரும்வரை உடனிருந்து உதவ வேண்டும். வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவதை எந்த வணிகரும் விரும்பாததுபோல, வாசகர் விடையின்றித் திரும்புவதை நூலகரும் விரும்பலாகாது என்பது அவர் கொள்கை. இன்று உசாத்துணைச் சேவை என வழங்கும் பணிக்கு வித்திட்டது அக்கட்டுரையே என்பர்.

அத்துணைத் தாராள மனம் படைத்த கிறீன், அதே கட்டுரையில் ஓர் எல்லைக்கோட்டையும் வரைந்தார். நோய்க்குச் சிகிச்சை கூறும் நூல் இன்னதெனப் பரிந்துரைக்கும் பொறுப்பை எந்த நூலகரும் ஏற்கமாட்டார் என்பது அவர் கூற்று. சட்ட ஆலோசனை வழங்குவதையும் அவ்வாறே விலக்கினார். இத்தனைக்கும் வூஸ்ரர் நூலகம், ஜோன் கிறீன் என்னும் வைத்தியர் அளித்த நூல்களைக் கொண்டு 1859ஆம் ஆண்டில் உருவானது. வைத்தியர் ஒருவரின் கொடையால் எழுந்த நூலகத்திலேயே வைத்திய வினாவுக்கு இடமில்லாது போயிற்று.

அக்காலத்து நிலையை நோக்கின் அவர் அஞ்சியதில் வியப்பில்லை. ஒருபுறம் வைத்தியருக்கென எழுதப்பட்ட கடின நூல்கள். மறுபுறம் எல்லா நோய்க்கும் ஒரே குப்பியில் மருந்து விற்போரின் விளம்பரப் புத்தகங்கள். அக்குப்பிகள் பலவற்றில் மதுவும் அபினும் கலந்திருந்தன. அவை கலந்திருப்பதைப் பெயர்ச்சீட்டிற் குறிப்பிட வேண்டுமென்ற அமெரிக்க மத்திய சட்டம் 1906ஆம் ஆண்டிலேதான் வந்தது. பொதுமகனுக்கு விளங்குவதாயும் உண்மையாயும் அமைந்த நூல் அரிதாயிருந்த காலத்தில், நூலகர் எதனை நம்பி எடுத்துக் கொடுப்பார்?

ஆதலால் அக்கோடு ஏறக்குறைய நூறாண்டு நிலைத்தது. அது நகரத் தொடங்கியது நோயாளரின் உரிமை பற்றிய எண்ணம் வளர்ந்தபோதுதான். 1957ஆம் ஆண்டில் கலிபோர்ணிய மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சிகிச்சையின் தன்மையையும் ஆபத்தையும் அறிந்தபின் நோயாளர் தரும் சம்மதமே சம்மதமாகும் எனத் தீர்ப்பளித்தது. 1969இல் பொஸ்ரன் நகரில் மகளிர் மாநாடு ஒன்றிற் சந்தித்த பெண்கள் சிலர், தம் உடலைப் பற்றித் தமக்கே ஒன்றும் தெரியாதிருப்பதைக் கண்டு, வைத்திய நூல்களைத் தாமே படித்து, தெளிந்ததை எழுதி, 1970இல் மலிவான தாளில் அச்சிட்டனர். மறு ஆண்டில் ‘நம் உடல், நாமே’ என்னும் பொருள்படப் பெயர் பெற்ற அந்நூல், பின்னர் உலகின் பல மொழிகளுக்குச் சென்றது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் நோயாளர் உரிமைப் பட்டயம் ஒன்றை வெளியிட்டது. தம் நோய் யாது, சிகிச்சை யாது, அது எவ்வாறு முடியக்கூடும் என்பவற்றைத் தமக்கு விளங்கும் சொற்களில் அறிந்துகொள்ளும் உரிமை நோயாளருக்கு உண்டென அப்பட்டயம் கூறியது.

உரிமை வந்துவிட்டது, அதனைப் பயன்படுத்த வழி வேண்டுமே! 1977ஆம் ஆண்டில், பொஸ்ரன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜில் உள்ள மவுண்ட் ஓபர்ன் மருத்துவமனையின் நூலகமும் அவ்வட்டாரத்துப் பொது நூலகங்களும் ஒரு வலையமைப்பாக இணைந்தன. பொது நூலகத்தில் நல்ல நலவியல் நூல்கள் சேர்க்கப்பட்டன. அங்கே தீராத வினா மருத்துவமனை நூலகத்துக்குப் போயிற்று. விடை பொது நூலகத்தின் வாயிலாக வாசகரை வந்தடைந்தது. கிறீன் கோடு வரைந்த அதே மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில், அவர் கட்டுரைக்கு ஒரு நூற்றாண்டின் பின் நிகழ்ந்தது இது.

அடுத்த பெரிய மாற்றம் பெதஸ்டா நகரிலுள்ள அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தில் நிகழ்ந்தது. 1836ஆம் ஆண்டில் இராணுவ வைத்தியத் தலைவரின் அலுவலகத்திற் சில நூல்களோடு தொடங்கிய அந்நூலகம், 1956இல் தேசிய நூலகமாயிற்று. மருத்துவ ஏடுகளிற் வெளியான கட்டுரைகளின் மெட்லைன் என்னும் பெருஞ் சுட்டியை அது 1971 முதல் வைத்தியருக்கும் ஆய்வாளருக்கும் கணினி வழி வழங்கி வந்தது. 1997ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அச்சுட்டி இணையத்தில் எவர்க்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. திறந்ததும், வைத்தியரல்லாத பொதுமக்கள் பெருந்தொகையாக அதனைத் தேடி வருவது தெரிந்தது. வந்தவர்களுக்கு ஆய்வுக் கட்டுரையின் மொழி விளங்குமோ? எனவே 1998ஆம் ஆண்டு ஒக்டோபரில் மெட்லைன்பிளஸ் என்னும் எளிய நடைச் சேவை 22 நலவியற் பொருள்களோடு தொடங்கப்பட்டது. அப்பொருள்கள் பின்னர் ஆயிரத்தைத் தாண்டின. அதில் விளம்பரம் இல்லை. எந்த மருந்தையும் விற்பதில்லை.

இத்தகைய சேவை நூலகத்தினுள்ளே எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நோக்குவோம். முதற்படி வினாவைக் கேட்டறிதல். வாசகர் தம் உண்மையான வினாவை முதலிற் சொல்வதில்லை. ‘வைத்தியப் புத்தகங்கள் எங்கே?’ என்று மாத்திரம் கேட்பார். மனைவியின் மார்பில் வந்த கட்டியைப் பற்றி அறியவே அவர் வந்திருப்பார். அதனை நாலுபேர் கேட்கும்படி சொல்ல அவர் வாய் எழுமா? ஆகவே நூலகர் குரலைத் தாழ்த்தி, பொறுமையுடன், வேண்டிய அளவு மாத்திரமே கேட்கிறார். யாருக்கு நோய் என்று கேட்பதில்லை. எதைப் பற்றி அறிய வேண்டும், எவ்வளவு விரிவாக வேண்டும் என்பதையே கேட்கிறார். ஒருவர் எந்த நோய்பற்றிய நூலை எடுத்தார் என்பதை மூன்றாமவர் அறியச் செய்வது, அந்நோயாளரின் குடும்பத்துக்கே தீங்காய் முடியலாம். காசநோய் என்ற சொல் ஒன்றே கலியாணப் பேச்சைக் குழப்பப் போதுமன்றோ!

இரண்டாம் படி நூலைத் தேடிக் கொடுத்தல். இதிற் பெரும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. மெல்வில் தூயி என்பார் அதே 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட தசாம்சப் பகுப்பு முறையே இலங்கை நூலகங்களிலும் கையாளப்படுகின்றது. அம்முறையில் மருத்துவம் 610 என்ற இலக்கத்தில் தொடங்கும். நீரிழிவு என்ற நோயைப் பற்றிய நூல் 616இல் இருக்கும், உணவுக் கட்டுப்பாடு 613இல், சமையல் 641இல், அந்நோயாற் கெடக்கூடிய கண்ணைப் பற்றியது 617இல், கருப்பகாலத்து நீரிழிவு 618இல். ஓர் உடம்பில் ஒன்றாயிருக்கும் துன்பம் நூல்தட்டில் ஐந்து இடங்களிற் சிதறிக் கிடக்கின்றது. அன்றியும் ஒரே நோய்க்குப் பல பெயர்கள். நீரிழிவு என்பார் ஒருவர். சலரோகம் என்பார் மற்றொருவர். சர்க்கரை வியாதி என்பாரும் உளர். யாழ்ப்பாணத்துக் கிழவியோ சீனி வருத்தம் என்பாள். இப்பெயர்கள் யாவும் ஒரே இடத்துக்கு வழிகாட்டும்படி பட்டியலை அமைப்பதும், ஐந்து தட்டிலுள்ளவற்றை ஒரே மேசையிற் கொண்டுவந்து வைப்பதும் நூலகரின் கடமை.

மூன்றாம் படி எல்லையை அறிதல். கிறீன் வரைந்த கோடு அழிந்துவிடவில்லை; இடம் மாறியுள்ளது. வீக்கத்தைப் பார்த்து இஃது இன்ன நோய் என்று சொல்வதும், இந்த மருந்தை விடுத்து அந்த மருந்தை உண்க என்பதும் நூலகரின் வேலையல்ல. நூலை எடுத்து நீட்டி, அதனை எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், எதையேனும் விற்பதற்காக எழுதினாரா என்பவற்றைக் காட்டி, படித்தபின் எழும் வினாக்களை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுமாறு சொல்வதே அவர் வேலை. வாசகரின் அடுத்த கிளினிக்கில் அச்சில நிமிடங்கள் வீண்போகாதிருக்க அத்தாள் உதவும்.

ஆண்டைக் காட்ட வேண்டும் என்பது சிறிய காரியமன்று. இலக்கிய நூல் பழையதானால் மதிப்புப் பெறும். நலவியல் நூல் பழையதானால் ஆபத்தாகும். பெஞ்சமின் ஸ்பொக் என்னும் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல், உலகெங்கும் தாய்மாரின் கையேடாய் விளங்கியது. குழந்தையைக் குப்புறக் கிடத்தி உறங்கச் செய்யுமாறு அதன் 1950களின் பிற்பகுதிப் பதிப்புக் கூறிற்று. மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்பது அக்காலத்துக் கருத்து. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அவ்வறிவுரை தவறென ஆராய்ச்சிகள் பின்னர் காட்டின. குப்புற உறங்கும் குழந்தைகளே தொட்டிலிற் காரணமின்றித் திடீரென இறப்பது மிகுதி என்று தெரிந்தது. 1991இல் பிரித்தானியாவிலும், 1994இல் அமெரிக்காவிலும், குழந்தையை மல்லாக்கக் கிடத்துக என்னும் பிரசாரம் தொடங்கிற்று. அத்தகைய மரணங்கள் பாதிக்குமேல் குறைந்தன. பழைய பதிப்பைத் தட்டில் வைத்திருக்கும் நூலகம், ஒரு தாய்க்குப் பழைய அறிவுரையையே இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

குடற்புண்ணின் கதையும் இத்தகையதே. கவலையும் உறைப்பும் அதற்குக் காரணம், பாலும் ஓய்வும் மருந்து என்று பழைய நூல்கள் கூறும். 1982ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொறன், பரி மார்ஷல் என்னும் இருவர் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினர். புண்கள் பெரும்பாலானவற்றுக்கு அக்கிருமியே காரணம் என்பது பின்னர் நிறுவப்பட்டது. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருமிகொல்லி மருந்தாற் சில வாரங்களில் மாறக்கூடிய நோயை, பழைய நூலைப் படித்தவர் ஆயுள் முழுதும் பாலருந்திச் சுமப்பார். ஆகையால் நலவியல் நூல்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்து, காலங்கடந்தவற்றை நீக்குதல் இன்றியமையாதது. நூல்களை நேசிக்கும் நூலகருக்கு அது மனவருத்தம் தரும் வேலையே. ஆயினும் செய்தே ஆகவேண்டும்.

வைத்தியரும் நூலகரும் ஒருவரையொருவர் ஐயுறாது கைகோக்க முடியுமா என்று வினவுவோருக்கு வேல்ஸ் நாட்டிலிருந்து விடை உண்டு. 2003ஆம் ஆண்டில் கார்டிவ் நகரத்து உளவியலாளர் நீல் புறூட் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மனச்சோர்வும் அச்சமும் கொண்டு வருவோருக்கு, தேர்ந்தெடுத்த நூல் ஒன்றின் பெயரை வைத்தியரே மருந்துச்சீட்டைப் போன்ற தாளில் எழுதிக் கொடுப்பார். நோயாளர் அச்சீட்டைப் பொது நூலகத்தில் நீட்டி நூலைப் பெறுவார். 2005இல் அத்திட்டம் வேல்ஸ் முழுதும் பரவிற்று. 2013இல் இங்கிலாந்தும் இத்தகைய திட்டத்தை மேற்கொண்டது. நூலைத் தெரிவோர் மருத்துவம் அறிந்தோர். அதனைப் பேணி வழங்குவோர் நூலகர். கிறீன் அஞ்சிய பொறுப்பு இவ்வாறு இருவரிடையே முறையாகப் பகிரப்பட்டது.

இனி, நல்ல நூல் இருந்தும் அது படிப்பவரின் மொழியில் இல்லாவிடின் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை தேடிய மற்றொரு கிறீன், யாழ்ப்பாணத்தார் நன்கறிந்தவர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அவ்வைத்தியரும் அதே வூஸ்ரர் நகரிற் பிறந்தவரே. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டில் வட்டுக்கோட்டையில் மருத்துவ வகுப்பைத் தொடங்கி, பின்னர் மானிப்பாயில் நிலைகொண்டார். ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் செல்வதையும், கிராமத்து நோயாளர் கைவிடப்படுவதையும் கண்டு, 1860களிலிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன 1872இலும் வெளியாயின. அவர் பயிற்றிய வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டோர். 1873இல் ஊர் திரும்பிய பின்னும், 1884இல் இறக்கும்வரை வூஸ்ரரிலிருந்தே தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். வூஸ்ரர் நூலகர் பிலடெல்பியாவில் வைத்திய நூலைப் பற்றி எச்சரித்த 1876ஆம் ஆண்டில், அதே ஊரில் அதே குடும்பப்பெயர் கொண்ட ஒருவர் தமிழருக்கு வைத்திய நூல் ஆக்குவதிலே ஈடுபட்டிருந்தார். நூலகரின் எச்சரிக்கையும் வைத்தியரின் உழைப்பும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல; இரண்டும் சேர்ந்தாலே நோயாளருக்கு நன்மை.

இலங்கையில் இவ்விரண்டையும் சேர்ப்பதற்கு இடம் உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1934ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி, 844 நூல்களோடு ஒரு வாடகை அறையில் திறக்கப்பட்டது. அவ்வறை அமைந்திருந்தது ஆஸ்பத்திரி வீதியிலே. 1981இல் எரியுண்டு மீண்டும் எழுந்த அந்நூலகம் ஒருபுறமிருக்க, ஊர்தோறும் வாசிகசாலைகள் உள்ளன. சனசமூக நிலையங்கள் உள்ளன. பிரதேச சபை நூலகங்கள் உள்ளன. சுகாதார அமைச்சின் சுகாதார மேம்பாட்டுப் பணியகம் தமிழிலும் சிங்களத்திலும் பிரசுரங்களை வெளியிடுகின்றது. அப்பிரசுரங்கள் நிற்கத்தக்க ஒரு தட்டு, எவரையும் கேளாமலே எடுத்துப் பார்க்கக்கூடிய ஓர் ஒதுக்கிடம், ஆண்டுக்கொருமுறை வந்து பழையனவற்றை நீக்கித் தரும் சுகாதார வைத்திய அதிகாரி ஒருவர், தீராத வினாவை அனுப்புவதற்கு அண்மை ஆஸ்பத்திரியோடு ஓர் ஒழுங்கு, இவையே முதலில் வேண்டுவன. புதிய கட்டிடம் வேண்டுவதில்லை. பெருந்தொகைப் பணமும் வேண்டுவதில்லை. கிளினிக் கொப்பியிற் காணும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் விளக்கம் தரும் ஒரு சிறு பட்டியலைச் சுவரில் ஒட்டினாலும் அது நல்ல தொடக்கமாகும்.

கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கும்போது நூலகம் எதற்கு எனச் சிலர் வினவலாம். அது செய்தியைக் கொண்டுவருகிறது. செய்தியின் தகுதியை ஆராய்ந்து சொல்வதில்லை. பப்பாசி இலையையும் பாகற்காயையும் பற்றி வரும் நூறு செய்திகளுள் எது ஆய்வில் நின்றது, எது எவரோ எழுதியது என்று பிரித்தறிய ஒரு பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தைக் கட்டணமின்றி, விற்பனை நோக்கமின்றிக் கற்பிக்கத்தக்க நிலையம் ஊரில் எது? கல்விச்சாலையை விட்டு நீங்கியவருக்கு, நூலகத்தைத் தவிர வேறொன்று காண்பது அரிது.

மாலையில் வாசிகசாலைக்குப் பத்திரிகை பார்க்க வரும் முதியவர் ஒருவர், போகும்போது தம் மருந்தைப் பற்றிய ஒரு பக்கத்தை வாசித்துவிட்டுப் போவாராயின், அன்றிரவு அம்மருந்தைத் தவறாது உட்கொள்ளக்கூடும். அவ்வாசிகசாலை தன் ஊருக்குச் செய்யக்கூடிய தொண்டுகளில் இது சிறியதன்று.